டார்ச் யார் கையில்?

"நான் பின்னாடிதான் நின்னேன்."

டன்ஜியனில், அதாவது விளையாட்டின் கற்பனைப் பாதாளச் சுரங்கத்தில், பொறி ஒன்று வெடித்த அடுத்த நொடி, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரில் நாலு பேர் வாயில் வருகிற வசனம் இது. ஐந்தாமவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். கதவைத் தள்ளியது யார், டார்ச் (பேட்டரி டார்ச் இல்லை, தீப்பந்தம்) யார் கையில் இருந்தது, யாராவது வாளை உருவியிருந்தார்களா என்று டன்ஜியன் மாஸ்டர் கேட்டால் பதில் வராது. இரண்டு நிமிடம் முன்பு "உள்ளே ஒரு பெட்டி தெரிகிறது" என்று அவர் சொன்னபோது மட்டும் அத்தனை பேரும் முன்வரிசையில் நின்றார்கள்.

மேசை ரோல்பிளே விளையாட்டு ஆடியிராதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஒருவர் நடுவராக இருந்து ஒரு கற்பனை உலகத்தை நடத்துவார். அவர்தான் டன்ஜியன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டரை வைத்துக்கொண்டு "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். அந்தக் கேரக்டர்கள் சேர்ந்த கூட்டம்தான் பார்ட்டி. யோசித்துப் பார்த்தால் விநோதமான கூட்டம். ஆயுதம் ஏந்திய நாலைந்து பேர், உயிர் போகிற வேலை, கையில் வெடிக்கிற மந்திரங்கள். ஆனால் மேலதிகாரி கிடையாது, சம்பளம் கிடையாது, யாரையும் வேலையை விட்டுத் தூக்கவும் முடியாது. ஆளாளுக்கு நாட்டாமை. இப்படி ஒரு கூட்டம் எதனால் சிதறாமல் நிற்கிறது? நல்ல குணமுள்ள ஆட்கள் அமைந்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த விளையாட்டு தொடங்கிய காலத்தில் பார்ட்டியைக் கட்டிவைத்தது கணக்குதான்: நேரக் கணக்கு, வெளிச்சக் கணக்கு, பங்குக் கணக்கு. அவற்றை ஒவ்வொன்றாகக் கைவிட்ட பிறகுதான் ஒழுங்கு என்பது அவரவர் குணத்தைப் பொறுத்த விஷயமாகிப் போனது.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதிய டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளிவந்தது. பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டுகளின் வயிற்றில் பிறந்த பிள்ளை அது. ஒரு கேம்பெயினில், அதாவது நாள்கணக்கில் தொடரும் ஒரே ஆட்டத்தில், 4 முதல் 50 பேர் வரை ஆடலாம், ஏறத்தாழ 20 பேருக்கு ஒரு நடுவர் இருந்தால் சரி என்று அந்த முதல் பதிப்பு சொன்னது. ஐம்பது பேரும் ஒரே நாளில் வந்து உட்காரப் போவதில்லைதான். ஆனாலும் எட்டுப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தினால் நடுவர் யார் சொல்வதைக் கேட்பார்? அதற்காக வந்த பொறுப்புதான் 'காலர்'. சட்டைக் காலர் இல்லை. பார்ட்டி சார்பாக வாய் திறக்கிறவர். 1981இல் டாம் மால்ட்வே தொகுத்த பேசிக் பதிப்பில் இந்தப் பொறுப்பு தெளிவாக விளக்கப்பட்டிருக்கிறது. காலர் தலைவர் அல்ல. கூடிப் பேசி முடிவானதை நடுவரிடம் எடுத்துச் சொல்கிறவர், அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' பெரிய விஷயம். அவர் வாயிலிருந்து வரும்வரை எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம். "நான் சும்மா யோசிச்சேன், செய்றேன்னு சொல்லல" என்ற தகராறுக்கே இடமில்லை.

காலருக்குத் துணையாக 'மேப்பர்'. நடுவர் வாயால் சொல்கிற அளவுகளைக் கேட்டுக் கட்டம் போட்ட தாளில் வரைபடம் போடுகிறவர். இவர் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் மொத்தப் பார்ட்டியும் வெளியே போகிற வழி தெரியாமல் நிற்கும். நடை வரிசையும் முன்கூட்டியே எழுதிவைக்கப்படும்: முன்னால் யார், நடுவில் யார், கடைசியில் யார். பொறி வெடித்த பிறகு பின்னால் நகர்ந்துகொள்ள முடியாது.

இந்தப் பொறுப்புகளுக்குப் பல் கொடுத்தது நேரக் கணக்கு. டன்ஜியனுக்குள் ஒரு டர்ன் என்றால் 10 நிமிடம். ஒரு டார்ச் 6 டர்ன் எரியும். லாந்தரில் ஒரு குடுவை எண்ணெய் ஊற்றினால் 24 டர்ன். ஆறு டர்னில் ஒன்று ஓய்வுக்குப் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் களைப்பு. பேசிக் பதிப்பில் இரண்டு டர்னுக்கு ஒருமுறை நடுவர் ஆறுமுகப் பகடையை உருட்டுவார். 1 விழுந்தால் சுற்றித் திரியும் ஜந்து ஏதாவது வந்து சேரும். இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. அன்றைய விதிப்படி வெளியே கொண்டுவந்து சேர்த்த ஒவ்வொரு தங்கக் காசுக்கும் ஒரு அனுபவப் புள்ளி. அது சேரச் சேரத்தான் கேரக்டர் வளரும். கொன்ற ஜந்துக்குக் கிடைப்பது அதோடு ஒப்பிட்டால் சில்லறை. திரிகிற ஜந்திடம் புதையலும் பெரும்பாலும் இருக்காது. ஆக, அதோடு மோதுவது வெறும் நஷ்டம். சத்தம் போட்டால் நஷ்டம், வாக்குவாதம் செய்தால் நஷ்டம், டார்ச் வாங்க மறந்தால் பெரும் நஷ்டம்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை நான் புத்தகத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பழைய விதிகளை வைத்து ஆடிய ஒரு மேசையில், பூட்டிய கதவு ஒன்றின் முன் எங்கள் பார்ட்டி நின்றது. உடைப்பதா, பூட்டைத் திறக்க முயல்வதா, வேறு வழி பார்ப்பதா?

"உடைச்சிரலாம்டா, என்ன இப்போ?"

"சத்தம் கேட்டு எல்லாம் வரும்."

"வந்தா வரட்டும்."

"உனக்கென்ன, நீ கவசம் போட்டிருக்க. நான் மந்திரவாதி, நாலு ஹிட் பாயின்ட்தான் உயிரே."

கால் மணி நேரம் இப்படியே போனது. டி.எம். ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரில் இருந்த தாளில் ஒரு கோடு கிழித்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கோடு. பிறகு பகடையை எடுத்து, நாங்கள் எல்லோரும் பார்க்கும்படி உருட்டினார். அந்தச் சத்தத்தில் மேசை அமைதியானது. 4 விழுந்தது, ஒன்றும் வரவில்லை. "டார்ச் இன்னும் ஒரு டர்னுக்குத்தான் எரியும்" என்று மட்டும் சொன்னார். அடுத்த அரை நிமிடத்தில் கதவு விஷயம் முடிவாகிவிட்டது. அடுத்த வாரம் வந்தபோது நடை வரிசையை எழுதி மேசை நடுவில் வைத்திருந்தோம். எங்களை யாரும் எழுதச் சொல்லவில்லை.

பிற்காலப் பதிப்புகளில் இந்தக் கணக்கெல்லாம் கழன்றுகொண்டே வந்தது. காலர் காணாமல் போனார். தங்கத்துக்கு அனுபவப் புள்ளி என்ற விதி போய், எதிரிகளை வெல்வதற்கும் கதையில் ஒரு கட்டத்தை எட்டுவதற்கும் புள்ளி என்றானது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் 'லைட்' என்ற குட்டி மந்திரம் ஒரு மணி நேரம் வெளிச்சம் தரும். எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். டார்ச் வெறும் அலங்காரமாகிவிட்டது. இதற்காக நான் ஒப்பாரி வைக்கவில்லை. எண்ணெய்க் குடுவை எண்ணுவதில் சுவாரசியம் காண்பவர்கள் குறைவு. கணக்கு குறைந்ததால் கதை வளர்ந்தது, புதியவர்களும் பயமில்லாமல் வந்து உட்கார்ந்தார்கள். ஆனால் கவனக்குறைவுக்கு இருந்த விலையும் அதோடு போனது. பகடை செய்துகொண்டிருந்த கண்டிப்பை இப்போது டி.எம். தன் வாயால் செய்ய வேண்டியிருக்கிறது.

வாயால் கண்டிப்பது எவ்வளவு மோசமாகப் போகும் என்பதற்கு கைகாக்ஸே சாட்சி. 1979இல் அவர் எழுதிய டன்ஜியன் மாஸ்டர்களுக்கான கையேட்டில், தொல்லை தரும் ஆட்டக்காரர்களைக் கையாள்வது பற்றி ஒரு பகுதி வருகிறது. எல்லோரும் பார்க்கப் பகடை உருட்டிக் கூடுதலாக ஒரு ஜந்தை வரவழைக்கலாம். எப்போதும் எதிர்பாராமல் தாக்கும் ஆவி உலக மம்மி ஒன்றை ஏவலாம். வானத்திலிருந்து நீல மின்னல் தொல்லை தருபவரின் கேரக்டர் தலையில் இறங்கலாம். கவர்ச்சிப் புள்ளியில் ஒன்றை நிரந்தரமாகப் பிடுங்கலாம். எதற்கும் அசராதவரை வெளியே அனுப்பிவிடலாம் என்றும் சொல்கிறார். அது ஒன்றுதான் அந்தப் பட்டியலில் உருப்படியான யோசனை. மற்றதெல்லாம் படிக்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அடிப்படையிலேயே கோணல். தொல்லை தந்தது ஆட்டக்காரர், மின்னல் விழுவது கேரக்டர் தலையில். பையன் செய்த தப்புக்கு அவன் சைக்கிளை அடிக்கிற மாதிரி. அடி வாங்கியவருக்கு எதற்காக விழுந்தது என்று புரியாது. புரிந்தால் பழி வாங்க வழி தேடுவார்.

மேசைக்கு வெளியே நடந்த தவறை மேசைக்கு வெளியே பேசித் தீர்க்க வேண்டும் என்ற எளிய விஷயம் நிலைபெறப் பல ஆண்டுகள் ஆயின. முதல் ஆட்டத்துக்கு முன்பே கூடி, என்ன மாதிரி கதை, எதெல்லாம் வேண்டாம், யார் எப்போது வர முடியும் என்று பேசிக்கொள்கிற 'செஷன் ஸீரோ' வழக்கம் ஆட்டக்காரர்கள் நடுவே பரவி, 2020இல் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அதிகாரப்பூர்வத் துணைநூல் ஒன்றிலும் ஏறியது.

அங்கே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய முதல் விஷயம், என்னைக் கேட்டால், திருட்டு. 'தீஃப்' வகைக் கேரக்டர் 1975இல் வந்த முதல் துணைநூலில்தான் நுழைந்தது. பூட்டுத் திறக்க இத்தனை சதவீதம், பிக்பாக்கெட் அடிக்க இத்தனை சதவீதம் என்று அதற்கு அட்டவணையே உண்டு. பிக்பாக்கெட் அடிக்க டன்ஜியனுக்குள் யார் இருக்கிறார்கள்? எலும்புக்கூட்டுக்குப் பாக்கெட் கிடையாது. பக்கத்தில் நடக்கிற கூட்டாளிக்குத்தான் இருக்கிறது. இன்னொரு பக்கம் பாலடின் என்ற புனித வீரன். பழைய விதிப்படி நெறி தவறினால் சக்தியெல்லாம் போய்விடும், தீயவர்களோடு கூட்டுச் சேரவும் கூடாது. ஒரே பார்ட்டியில் திருடனையும் போலீசையும் போட்டுவிட்டு, அன்பாக இருங்கள் என்று சொன்னால் எப்படி?

எங்கள் மேசையில் தீஃப் ஆடியவர் ஒருநாள் ஒரு துண்டுச்சீட்டை மடித்து டி.எம். கையில் கொடுத்தார். அவர் படித்துவிட்டுத் தலையாட்டினார். இரண்டு வாரம் கழித்து, புதையலைப் பங்கு போடும்போதுதான் தெரிந்தது, சிலையின் கண்ணிலிருந்த மாணிக்கம் எப்போதோ அவர் பைக்குள் போய்விட்டது என்று. கேட்டால், "என் கேரக்டர் அப்படித்தான்ணே." அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தக் கேரக்டரை அப்படி வரைந்தது யார்? கூட்டாளிகளிடம் மட்டும் கை வைக்காத திருடன் என்று எழுதியிருந்தாலும் அவன் திருடன்தானே? அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஒவ்வொரு அறையிலும் "பையை நான் முதல்ல பாக்குறேன்", "இல்ல, ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கலாம்." இரவில் காவல் இருப்பது ஜந்துகளுக்காக இல்லை, அவருக்காக. ஆறேழு செஷன் இப்படி ஓடிய பின் அந்தப் பார்ட்டியே கலைந்தது. மாணிக்கத்தின் மதிப்பு ஐந்நூறு தங்கமோ என்னவோ.

பங்கு விஷயத்தில் பழைய ஆட்டக்காரர்கள் கறாராக இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. தங்கமே அனுபவப் புள்ளி என்றால், பங்கு குறைந்தால் வளர்ச்சியும் குறையும். கூலிக்கு அழைத்துவந்த துணையாட்களுக்கும் அரைப்பங்கு அனுபவப் புள்ளி போகும். அவர்களை மோசமாக நடத்தினால் ஆபத்து நேரத்தில் மனவுறுதிக்கான பகடை கைவிட, ஓடிவிடுவார்கள். நிஜக் கடற்கொள்ளையர்களிடமும் இந்தக் கறார் இருந்தது. பார்த்தலமியூ ராபர்ட்ஸ் கப்பலின் ஒப்பந்தம் 1724இல் அச்சான ஒரு நூலில் இருக்கிறது: கேப்டனுக்கும் குவார்ட்டர்மாஸ்டருக்கும் தலா இரண்டு பங்கு, மற்றவர்களுக்குப் பதவிப்படி இறங்குமுகம். கொள்ளையடிக்கக் கூடியவர்களே எழுதிவைத்துக்கொண்டார்கள்.

காசைப் பிரிப்பது சுலபம். மந்திர வாளைப் பிரிக்க முடியாது. பகடை உருட்டலாம், முறை வைக்கலாம், யாருக்குப் பயன்படுமோ அவருக்குக் கொடுக்கலாம். எந்த முறையானாலும் பொருள் கைக்கு வருமுன் பேசிவிட வேண்டும். வாள் மேசைக்கு வந்த பிறகு யாருமே நியாயஸ்தர் இல்லை. பொதுப்பணம் என்று ஒரு பகுதியை ஒதுக்குவது இதைவிட முக்கியம் என்பேன். ஐந்தாம் பதிப்பில், செத்து ஒரு நிமிடத்துக்குள் ஒருவரை எழுப்புகிற 'ரிவைவிஃபை' மந்திரத்துக்கு 300 தங்கம் பெறுமான வைரம் கரைந்துபோகும். அந்த வைரத்தை வாங்குவது யார் காசில்? வாங்கியதை யார் வைத்திருப்பது? குணப்படுத்தும் மந்திரம் தெரிந்த பூசாரியான கிளெரிக்கிடம் கொடுத்துவைத்தோம், ட்ராகன் முதலில் விழுங்கியது கிளெரிக்கை.

கிளெரிக் பேச்சு வந்ததால் சொல்கிறேன், பொறுப்பு என்ற பெயரில் ஒருவர் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டுவதும் உண்டு. "நீதானே ஹீலர், ஏன் எழுப்பல?" வருடக்கணக்கில் கிளெரிக் ஆடியவர்கள் இந்த ஒரு வாக்கியத்தால் ஆட்டத்தையே வெறுத்திருக்கிறார்கள். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, நல்ல கிளெரிக்குகள் தயார் செய்துவைத்த ஏறத்தாழ எந்த மந்திரத்தையும் அந்த நேரத்தில் குணப்படுத்தும் மந்திரமாக மாற்றிக்கொள்ளலாம் என்றது. நாள் முழுக்க மருந்துப்பெட்டியாக நடக்க வேண்டியதில்லை என்ற ஆறுதல். 2008இன் நான்காம் பதிப்பு அந்த வகைக்கு 'லீடர்' என்று பெயரே வைத்தது. வேலை என்னவோ கட்டளையிடுவது அல்ல, மற்றவர்களைத் தூக்கி நிறுத்துவது. நல்ல பெயர்தான், ஆனால் லீடர் எடுத்த சிலர் உடனே அதிகாரம் பண்ண ஆரம்பித்ததையும் பார்த்திருக்கிறேன்.

எதிர்முனையில் விசார்ட் என்ற மந்திரவாதி. பழைய விதியில் தீக்கோள மந்திரம் போட்டால் அது ஏறத்தாழ 33,000 கன அடி இடத்தை நிரப்பும். சின்ன அறையில் போட்டால் மிச்சம் கதவு வழியாகத் தாழ்வாரத்துக்கு வழியும், நம்மவர்கள் நிற்கிற தாழ்வாரத்துக்கு. நீளம், அகலம், உயரம் பெருக்கிப் பார்க்காத விசார்டை யாரும் முன்வரிசையில் விடமாட்டார்கள். இன்றைய பதிப்பில் 20 அடி ஆரம் என்று நின்றுவிட்டது. இப்போது விசார்ட் மீதுள்ள புகார் வேறு: முதல் சண்டையிலேயே எல்லா மந்திரத்தையும் காலி செய்துவிட்டு, காலை பத்து மணிக்கு "தூங்கலாமா?" என்பார். வாள் பிடிக்கும் ஃபைட்டருக்கு ஒரு மணி நேர ஓய்வு போதும், விசார்டுக்கு எட்டு மணி நேரம் வேண்டும். எப்போது ஓய்வெடுப்பது என்பதே இன்றைய பார்ட்டிகளின் பெரிய அரசியல்.

வேறு சில விளையாட்டுகள் பொறுப்பை விதியாகவே எழுதிவிட்டன. 1977இல் வந்த டிராவலரில் பார்ட்டிக்கு விண்கப்பல் வேண்டுமென்றால் கடன். கப்பல் விலையில் 240இல் ஒரு பங்கு, மாதாமாதம், 480 மாதங்களுக்கு. நாற்பது ஆண்டு தவணை! பைலட், எஞ்சினியர், மருத்துவர், பயணிகளைக் கவனிக்கும் ஸ்டீவர்ட் என்று ஆளுக்கொரு வேலை வந்துவிடுகிறது. தவணை தேதி நெருங்கும்போது யாரும் துண்டுச்சீட்டு எழுதுவதில்லை. ஜப்பானிய விளையாட்டான ரியூட்டாமாவில் தலைவர், வரைபடக்காரர், சரக்குப் பொறுப்பாளர், நாட்குறிப்பு எழுதுபவர் என்ற நான்கு பொறுப்புகளைப் பிரித்துக்கொள்கிறார்கள். நாட்குறிப்பு ஒரு பொறுப்பு என்று நினைத்தது யாரோ புண்ணியவான், "போன வாரம் என்ன ஆச்சு?" என்ற கேள்வியில் முதல் அரைமணி நேரத்தை இழக்காத மேசை ஏது?

இவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் தி டார்க், 2017. திருட்டுக் கும்பலைப் பற்றிய ஆட்டம். கும்பலாக ஒரு காரியம் செய்யும்போது ஒருவர் முன்னின்று நடத்துவார். எல்லோரும் பகடை உருட்டுவார்கள். யாருடையது மிக நன்றாக விழுந்ததோ அதுவே அனைவருக்கும் முடிவு. சொதப்பியவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். ஆனால் ஒவ்வொரு சொதப்பலுக்கும் ஒரு ஸ்டிரெஸ் புள்ளி, முன்னின்றவர் கணக்கில். மொத்தம் இருப்பதே ஒன்பது கட்டம். நிரம்பினால் ஆள் அந்தக் காட்சியிலிருந்து காலி, மனதில் ஆறாத வடுவும் சேரும். மதில் ஏறத் தெரியாத மூன்று பேரை இழுத்துக்கொண்டு மதில் ஏறலாமா என்று கேட்டுப் பாருங்கள். முன்னிற்பவர் முகத்தில் கணக்கு ஓடுவது தெரியும். நாட்டாமை பண்ண விரும்புபவர் அங்கே அதற்கான விலையைத் தானே கட்டுகிறார். ஐந்து பேர் மேசையில் ஒருவரே எல்லோர் முடிவையும் எடுத்துவிடும் வியாதிக்கு இதைவிட நல்ல மருந்தை நான் பார்த்ததில்லை.

பொறுப்பு என்பதையே தலைகீழாக்கிக் கிண்டலடித்தது, 1984இல் முதலில் வந்த பாரனோயா. ஒரு கணினி ஆளும் பாதாள நகரம். ஆட்டக்காரர்களின் வேலை துரோகிகளைப் பிடிப்பது. ஒவ்வொருவருமே இரகசியமாகத் துரோகி. குழுத் தலைவர், விசுவாச அதிகாரி, சுகாதார அதிகாரி, மகிழ்ச்சி அதிகாரி என்று ஆளுக்கொரு கட்டாயப் பதவி வேறு. யாராவது சிரிக்கவில்லை என்றால் மகிழ்ச்சி அதிகாரி எழுதிக்கொள்வார். செத்துச் செத்துப் பிழைக்க ஆளுக்கு ஆறு குளோன். பதவிகள் நிறைந்திருக்கும், நம்பிக்கை துளியும் இருக்காது. ஒருநாள் ஆடிச் சிரிக்க அருமை. வாராவாரம் ஆடினால் நட்பு மிஞ்சாது.

கடைசியாக, எந்த விதிப்புத்தகமும் சரியாகத் தீர்க்காத பொறுப்பு ஒன்று: வந்து உட்காருவது. நாலு பேர் வந்து ஐந்தாமவர் வரவில்லை என்றால் அவர் கேரக்டர் என்ன ஆகும்? சில மேசைகளில் காய்ச்சல் என்று சத்திரத்தில் படுக்கவைத்துவிடுவார்கள். சிலவற்றில் இன்னொருவர் இரண்டு கேரக்டரையும் ஆடுவார். செத்துப்போனால் பெரிய மனஸ்தாபம். பென் ராபின்ஸ் 2007இல் எழுதிப் பிரபலமாக்கிய வெஸ்ட் மார்ச்சஸ் முறையில் நிலையான நாளே கிடையாது. எங்கே போவது, யார் போவது, என்றைக்குப் போவது என்று ஆட்டக்காரர்களே கூடி முடிவெடுத்து நடுவரிடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆட்டமும் ஊருக்குத் திரும்பி முடியும். வராதவர் ஊரில் இருந்தார், அவ்வளவுதான்.

எங்கள் மேசையில் வேறு வழக்கம். வராதவரின் கேரக்டர் சாகாது, சண்டை போடாது, வாய் திறக்காது. வரிசையின் நடுவில் டார்ச் பிடித்துக்கொண்டு வரும். ஃபைட்டர் ஆடுகிறவர் தொடர்ந்து மூன்று வாரம் வராமல், நாலாவது வாரம் வந்து உட்கார்ந்தார். கதவு திறந்தது, பூதம் பாய்ந்தது.

"என் இரண்டு கை வாளை உருவுறேன்."

"முடியாதுண்ணே. உங்க ஒரு கையில டார்ச் இருக்கு. இன்னொரு கையில எங்க எல்லாரோட மூட்டையும்."